அவள் என்னிடம் பேசவில்லை

பொய் சொன்னேன். அம்மன் என் கனவில் வந்து பேசினாள் என்று ஊருக்குச் சொன்னேன். அவள் பேசவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை!

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ, எந்த ஊரோ... உங்களுக்கும் ஒரு குலதெய்வம் இருக்கும். தெய்வத்தின் பெயரால் பொய் சொல்லிவிட்டு, அந்தத் தெய்வத்துக்கே தினமும் விளக்கேற்றிக்கொண்டு ஒருத்தி வாழ முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வீர்கள். முடிகிறது. நான் வாழ்கிறேன்.

எட்டாவது வரை படித்தவள் நான். கடிதம்கூட எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. விடியும் முன்பே ஓசூர் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். என் வீட்டுக்காரரும் அதில்தான் போவார். பஸ் போன திசைக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே ராகிக் கொல்லைகள். கொல்லைகளைத் தாண்டி ஒரு மலைச்சரிவு. அதன் அடியில் இருளர்களின் வீடுகள்.

சரிவு முழுவதும் அவர்களுடைய கால் பட்ட இடம். தேன், புளி, நெல்லிக்காய், கடுக்காய், துடைப்பப் புல் என்று அந்தந்தப் பருவத்துக்குக் காடு எதைக் கொடுக்கிறதோ அதை எடுத்து வந்து சந்தையில் விற்பார்கள். எங்களுக்குக் கொல்லையும் கம்பெனியும் எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சரிவு அப்படி.

சரிவின் பாதியில் ஒரு வேங்கைமரம். அதன் அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு கல். கண் இல்லை, மூக்கு இல்லை, கையில் சூலம் இல்லை. அவ்வா என்பார்கள். அம்மா என்று அர்த்தம். அவளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கற்கள், தாய்க்கோழியின் கீழே குஞ்சுகள் ஒண்டியிருப்பதைப் போல... அவர்களில் யாராவது இறந்துபோனால் ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து அவ்வாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இறந்தவர் அந்தக் கல்லில் வந்து உட்கார்ந்துகொள்வார். அது அவர்கள் நம்பிக்கை.

எனக்கு இதெல்லாம் சொன்னவள் மாதி.

மாதி இருளப் பெண். எங்கள் கொல்லைக்குக் களையெடுக்க வருவாள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். கல்யாணமாகி வெகுகாலம் எனக்குப் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. ஒருநாள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மாதி சொன்னாள்:

"எங்க அவ்வாகிட்ட ஒருதடவ வந்து கேளுங்கக்கா. கேட்டா குடுப்பா. குடுக்கலைன்னா நல்லா திட்டிட்டு வந்துரலாம். அவ ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியைத் திட்டலாம் என்று யாரும் அதுவரை எனக்குச் சொன்னதில்லை! சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். மேலே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. மணி இல்லை, பூசாரி இல்லை. காற்று மட்டும் இலைகளுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. எங்கோ தேனீக்களின் ரீங்காரம். கல்லைத் தொட்டேன். வெயிலில் இருந்த கல் சுடவில்லை, குளிரவும் இல்லை. உடம்புச் சூடு... அவ்வளவுதான். அழுதேன்.

அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள்.

அதன்பிறகு மனசு கனக்கும்போதெல்லாம் ஏறிவிடுவேன். மாதியும் வருவாள். அவளுடைய புருஷன் தேன்பாறையிலிருந்து விழுந்து இறந்தபோது, அவருக்குக் கல் தேட ஓடைக்குப் போனவளுக்குத் துணையாகப் போனது நான்தான். ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டுத் தண்ணீரிலேயே போட்டாள்.

"இது ரொம்ப கனம்க்கா. அவரு இவ்ளோ கனம் இல்ல."

கடைசியில் ஒரு செம்மண் நிறக் கல் கிடைத்தது. நடுவே ஒரு வெள்ளைக் கோடு சுற்றிக்கொண்டு போயிற்று. அதைத் தடவிப் பார்த்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இவருதான். இடுப்புல கயிறு கட்டிட்டுதான பாறைல எறங்குவாரு... பாருங்க, கயிறு."

அவ்வாவை ஒட்டி அந்தக் கல்லை வைத்தாள். பயமில்லாமல் இருப்பார் என்றாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்... எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது!

ராகி முற்றும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். சானமாவுப் பக்கம் ஒரு கூட்டம் போகும், எங்கள் பக்கம் ஒரு கூட்டம் வரும். அறுவடை முடிந்ததும் திரும்பிவிடும். ஒரு வருடம் திரும்பவில்லை. பக்கத்து ஊரில் ஒரு யானை ஓர் ஆளை மிதித்துவிட்டது. "இனிமே காட்டுப் பக்கம் கால வெச்ச, அவ்ளோதான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இருளர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் கொல்லை வரப்பில் நின்று வேங்கைமரத்தின் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன்.

ஏங்கிப்போனேன் ஐயா! பெற்ற தாயைப் பிரிந்ததுபோல் ஏங்கிப்போனேன்.

அப்போதுதான் அந்தக் கனவு.

களத்தில் ராகியைக் காயப்போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தவள், மதியத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். வெயில் தேன் நிறமாகிக்கொண்டே வந்தது. சரிவு இருந்தது, மரங்கள் இல்லை. பனி மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கல் இருந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். தேனீக்கள் அந்தக் கூந்தலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. மடியில் எதையோ வைத்து, புளியங்கொட்டை நீக்குவதுபோல் விரல்களால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போகப் பார்த்தேன். காலடியில் ராகித் தானியம் சறுக்கிச் சறுக்கி, நான் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். அவள் அவசரமில்லாமல் பிரித்துக்கொண்டே இருந்தாள்...

விழித்தபோது கன்னமெல்லாம் ராகி ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் கனவு. சத்தியமாக அவ்வளவுதான்!

மறுநாள் காலையில் குழாயடியில், என் ஓரகத்தி சாந்தம்மாவிடம் வாய்விட்டேன்.

"நேத்து கனவுல அம்மா வந்தாடி."

"எந்த அம்மா?"

"காட்டம்மா. மாதி வூட்டு அவ்வா."

"ஐயோ! வந்து? என்னா சொன்னா?"

குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்த முகங்களைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் போக ஒரு தெய்வம் கனவுக்குள் வருமா என்று அவை கேட்டன. எனக்குள்ளும் ஏதோ கேட்டது... அவள் ஊருக்குள் இருந்தால் தினமும் பார்க்கலாமே என்று கேட்டது!

"என்ன ஊருக்குள்ள கூட்டிட்டுப் போடீன்னு சொன்னா."

சாந்தம்மா குடத்தைக் குழாய்க்குக் கீழேயே விட்டுவிட்டாள். "பாருங்கடி, எனக்கு மயிர்க்கூச்செடுக்குது!" என்று கையை நீட்டிக் காட்டினாள். அந்தக் குடத்தில் தண்ணீர் நிறைந்து வழிந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை.

மாலைக்குள் அம்மன் இன்னும் நிறையப் பேசிவிட்டாள். ஊருக்குக் கிழக்கே இடம் காட்டினாளாம். கோயில் கட்டினால் யானை வராது என்றாளாம். நான் சொல்லாததையெல்லாம் நான் சொன்னதாக என்னிடமே வந்து சொன்னார்கள். மறுத்தேனா? இல்லை. தலையை ஆட்டினேன். என் வீட்டுக்காரரே அன்றைக்கு என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

ஊர்க்காரர்கள் இருளர்களிடம் போய்ச் சொன்னார்கள். சண்டை வரும் என்று சிலர் தடியோடுகூடப் போனார்கள். வரவில்லை. ஏன் தெரியுமா? அவர்களும் கனவுக்குக் கட்டுப்பட்டவர்கள். எந்தப் பக்கம் தேனுக்குப் போவது, பிள்ளைக்கு யார் பெயரை வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குக் கனவில்தான் வரும். கனவில் வந்ததைப் பொய்யாகச் சொல்ல ஒரு மனுஷிக்கு மனம் வரும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"அவ்வாவே போறேன்னு சொன்னப்பறம், புடிச்சு வெக்க நாங்க யாரு?" என்றாராம் அவர்களுடைய தலைவரான மூப்பன்.

மாதி மட்டும் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நெசமா வந்தாளா?"

"வந்தா மாதி."

"பேசினாளா?"

குழாயடியில் சொன்னது வாய் தவறிச் சொன்னது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது?

"பேசினா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

டிராக்டரும் கடப்பாரையுமாக ஊர் திரண்டு போனது. கடப்பாரை வைக்க இருளர்கள் விடவில்லை. கையாலேயே மண்ணைத் தோண்டி, ஓடைத் தண்ணீரால் அவளைக் குளிப்பாட்டி, அவர்களே தூக்கினார்கள். ஊர் எல்லைவரை பாடிக்கொண்டு வந்தார்கள். எல்லையில் அவளை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த டிராக்டரில் அந்தச் சின்னக் கற்கள் சிமெண்ட் சாக்குகளில் கிடந்தன.

கோயில் எழும்பியது. தகரக் கொட்டகை, கம்பிக் கதவு, பளபளக்கும் டைல்ஸ். அவ்வாவுக்கு ஸ்ரீ வனதேவி அம்மன் என்று பெயர் வைத்தார்கள். கண்ணும் மூக்கும் இல்லாத கல்லுக்கு வெள்ளியில் முகம் செய்து மாட்டினார்கள். பீடம் கட்டும்போது மேஸ்திரி சாக்கை அவிழ்த்துக் கேட்டார்:

"இந்தக் கல்லுங்கள என்னா பண்றது?"

என் கொழுந்தனார் சொன்னார்: "பரிவார தேவதைங்கப்பா. பீடத்துக்குள்ளயே போட்டுக் கட்டிடு."

ஒவ்வொன்றாகக் கலவைக்குள் இறங்கின. வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கல்லும் இறங்கியது. வாயைத் திறந்தேன்... மேஸ்திரி என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, உங்களுக்குத்தான அம்மா உத்தரவு குடுத்தா" என்றார். மூடிக்கொண்டேன். அதன்மேல் டைல்ஸ் ஒட்டினார்கள்.

கும்பாபிஷேகத்தில் முதல் மாலை எனக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது! மலடி என்று என்னை ஒதுக்கி வைத்தவர்கள் எல்லாம் என் கையால் குங்குமம் வாங்கினார்கள்.

சில வருடங்கள் கழித்து மாதி மறுபடியும் பின்வாசலுக்கு வந்தாள். இந்த முறை அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"வன உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்குதாமேக்கா. அந்தச் சரிவு எங்களுக்குன்னு கேட்டு மனு குடுத்துருக்கறோம். அதிகாரிங்க பாக்க வர்றாங்க. ரொம்ப காலமா சாமி கும்பிட்ட எடம், செத்தவங்கள வெச்ச எடம், இதெல்லாம் காட்டினா சாட்சியாம். இப்ப அங்க பள்ளம்தான் இருக்குது. அவ்வா அங்கதான் இருந்தா, எங்க ஆளுங்க கல்லெல்லாம் அங்கதான் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா ஊரே கேக்கும்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் நினைத்தேன். ஆனால் அன்று மாலையே கொழுந்தனார் வந்தார்.

"அண்ணி, வாயத் தொறந்துடாதீங்க. அவங்க சாமின்னு ஆயிடுச்சுன்னா நாளைக்குக் கோயில் நம்ம கைய வுட்டுப் போயிடும். அப்பறம் நீங்க கண்ட கனவுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்."

கனவு! அவருக்கு என்ன தெரியும்...

அதிகாரிகள் சரிவில் ஏறிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

"இந்த அம்மன் முன்னாடி எங்க இருந்துச்சு?"

"எங்க பாட்டன் காலத்துலருந்து இங்கதான் சார்" என்றார் கொழுந்தனார். "அண்ணியக் கேளுங்க. அவங்கதான் அன்னாடம் வெளக்கு வெக்கறவங்க."

கம்பிக் கதவுக்கு வெளியே மாதி நின்றுகொண்டிருந்தாள். என்னை அவசரப்படுத்தவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயத்தில், சும்மா நின்றாள்.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆமாங்க சார்."

ஆதாரம் போதாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். வனத்துறைக்காரர்கள் சரிவைச் சுற்றி அகழி வெட்டிக் கம்பி வேலி போட்டார்கள். தேனுக்குப் போன இரண்டு பேரைப் பிடித்து அபராதம் போட்டார்கள். இருளர் வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கம்பெனி வேனில் ஏறத் தொடங்கினார்கள். மாதியும் ஏறினாள். சேலைமேல் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறாள். காட்டில் புல் அறுத்துத் துடைப்பம் கட்டி விற்றவள்...

போன வருடம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினாள். அது வெள்ளி முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. இவளையும் அந்தப் பொய்யின் மடியில் கிடத்திவிட்டேனே!

மறுநாள் காலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். மாதி சோற்றுத் தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மாதி, அவ்வா என்கிட்ட பேசல."

"என்னக்கா?"

"அன்னிக்கு... கனவுல வந்தா. முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தா. பேசவே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பட்டும் என்றுதான் போயிருந்தேன். அவளோ குழந்தைபோல் விழித்தாள்.

"அப்ப... அவ எங்கள வுட்டுப் போகலையா?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், சாலையைப் பார்த்துக்கொண்டு.

"என்னா தப்பு பண்ணோம், ஏன் போயிட்டான்னு இத்தன வருசம் பேசிப் பேசி மாஞ்சு போனோம். யாரோ அவ்வாவுக்கு வெக்காம மொதத் தேன தின்னுட்டாங்கன்னு மூப்பன் சொன்னாரு. யாரு தின்னதுன்னு சண்ட. கடசில என் வூட்டுக்காரருதான்னாங்க. அதான் பாறைலருந்து தள்ளிட்டா, அதான் ஊர வுட்டே போயிட்டான்னு... என் மாமியா அத நம்பிட்டேதான் செத்துச்சு. பெத்த மவனத் திட்டிட்டே செத்துச்சு."

நிலத்தைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். நான் பறித்தது என்னென்ன என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது!

வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறப்போனவள் திரும்பினாள்.

"இத ஊர் முன்னால சொல்லுவியா?"

அத்தனை வருடப் பழக்கத்தில் முதல்முறையாக என்னை 'நீ' என்றாள். சொல்வேன் என்றேன்.

சொன்னேன் ஐயா! கிராம சபை கூடியது. பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் இருந்தது, இருளர்கள் இருந்தார்கள், அதிகாரி ஒருவரும் இருந்தார். எழுந்து நின்றேன். "அம்மா எங்கிட்ட பேசல. நான் பொய் சொன்னேன். அவ இவங்க அவ்வா. பீடத்துக்குள்ள இருக்கறது இவங்க செத்தவங்க" என்றேன். சொல்லும்போதே உடம்பு நடுங்கியது. தலைமுடி அவிழ்ந்துவிட்டது. குரல் என் குரலாக இல்லை.

சாந்தம்மா கத்தினாள்:

"ஐயோ, அக்கா மேல அம்மா வந்துட்டா!"

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார்கள். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். கொழுந்தனார் கையைக் கூப்பிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயே, கோவப்படாத. என்னா கொற வெச்சோம், சொல்லு!"

"நான்தான்யா! உங்க அண்ணி பேசறேன்! எனக்கு ஒண்ணும் வரல!"

"சரி தாயே... சாந்தமாகு, சாந்தமாகு."

பொய் சொன்ன அன்று ஒரே வார்த்தையில் நம்பிய ஊர் அது. அதிகாரி லேசாகச் சிரித்துக்கொண்டு, அடுத்து குடிநீர்ப் பிரச்சினை என்றார். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து மாதி எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். போய்விட்டாள்.

அடுத்த வாரம் அம்மனைச் சாந்தப்படுத்தப் பொங்கல் வைத்தார்கள்.

இருளர்கள் இப்போது மேல்மனு கொடுத்திருக்கிறார்கள். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்று ஆள் அனுப்பினேன். அருள் வரும் அம்மாவின் பேச்சை எந்த ஆபீஸில் சாட்சியாக எடுப்பார்கள்? அதனால்தான் இந்தத் தாள்கள். எழுத்து நடுங்காது, இதற்கு யாரும் விபூதி பூச முடியாது. ஆனாலும் பாருங்கள், எழுதும்போதும் உங்களிடமிருந்து எதையோ எதிர்பார்க்கிறேன்... வேண்டாம். மன்னித்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதி கோயிலுக்கு வந்தாள். கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"எந்த எடத்துல?" என்று கேட்டாள்.

பீடத்தின் இடது மூலையில் ஒரு டைல்ஸைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலு படாம பாத்துக்கோ."

அதன்பிறகு அவள் வரவில்லை.

நான் தினமும் விளக்கு வைக்கிறேன். அந்த மூலையை ஈரத்துணியால் துடைக்கிறேன், காலை மடக்கிக்கொண்டு. வெள்ளி முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கனவு இன்னும் வருகிறது. அதே தேன் நிற வெயில், அதே பனி, கூந்தலுக்குள் போய்வரும் தேனீக்கள். அவள் எதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது. சரிவின் அடியில் அந்த வீடுகள் இருக்கின்றன. அவள் முகம் எப்போதும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது.

முன்பு 'அவ்வா' என்று கூப்பிடுவேன். இப்போது கூப்பிடுவதில்லை. திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.